நனையக் கூடாதென்று உயர்த்திய பலகை

அசனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். இன்னொருவர் வாய் வைத்த கோப்பையில் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். கலியாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சோறு சாப்பிடும்போது, அவள் மட்டும் தனித் தட்டுக் கேட்டு வாங்குவாள். "உனக்கு மட்டும் கை தங்கத்தாலயா செஞ்சது?" என்று அக்கா நஸ்ரியா கேலி பண்ணுவாள். "தங்கமில்ல ராத்தா, சவர்க்காரம் போட்டுக் கழுவின கை" என்பாள் அசனா.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். கிண்ணியாப் பக்கத்து மீன் இறங்குதுறையில், நாளுக்கு இரண்டு தடவை போய்க் கடல் மட்டம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். துறையின் ஓரத்தில், கடலுக்கடியில் இருக்கும் பாறையில் ஊன்றிய ஒரு பாலை மரத் தூண். அந்தத் தூணில், வெள்ளை அடித்துக் கறுப்பு எண்கள் எழுதிய நீளமான பலகை. தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறதோ அதைக் குறித்துக் கைத்தொலைபேசியில் அனுப்ப வேண்டும். உயர்தரம் வரை படித்த பெண் என்பதாலும், ஊரில் அவளைப் போல ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு என்பதாலும் வேலை அவளைத் தேடி வந்தது. ஒன்பது வருடம் ஒரு நாளும் தவறவிட்டவள் இல்லை. பிள்ளை பிறந்த நாற்பது நாளும் புருஷன் றிப்தியை அனுப்பி, அவன் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அனுப்பினாள்.

வேலை சின்னது. போகிற வழிதான் நரகம். சூரைமீன் குடலும் செவுளும் சீமெந்துத் தரையில் வழுக்கிக் கிடக்கும். அதன் மேல் நீல ஈ. படகுகளின் அடித்தண்ணியை இறைத்துக் கடலில் ஊற்றுவார்கள். அதில் டீசல் படலம் வானவில் மாதிரி மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு நடுவே சொப்பிங் பைகள், மீன் பெட்டி உடைந்த ரெஜிபோம் துண்டுகள், பிள்ளைகளின் பம்பஸ், ஒரு நாள் செத்த பூனை. படிக்கட்டில் வெற்றிலை எச்சில். மேலே இருக்கிற கக்கூசின் குழாய் எங்கே திறக்கிறது என்று துறையில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. அசனா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, படிக்கட்டின் மேலே நின்றே கழுத்தை நீட்டி எண்ணைப் பார்ப்பாள். கீழே இறங்க மாட்டாள்.

"என்ன மகள், இண்டைக்கும் எங்கட கடல் மணக்குதா?" என்று கேட்பார் ஸைனுலாப்தீன். துறையின் மீனவர் சங்கத் தலைவர். அறுபதைத் தாண்டியவர், வாய் நிறைய வெற்றிலை, மனம் நிறைய உபகாரம்.

"கடல் மணக்கல்ல காக்கா. நீங்கதான் மணக்க வைக்கிறீங்க."

"கேட்டீங்களாடா? எங்கட சோத்தையே நாத்தம் எண்டு சொல்லுது பிள்ள!"

படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் பாதிச் சிரிப்போடு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கை, கால், செருப்பு, தொலைபேசி எல்லாம் கழுவித் துடைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவாள்.

அவள் அனுப்பும் எண்ணை ஒரு நாள் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வேளை வற்றும், இன்னொரு வேளை பெருகும். வாடைக்காற்று வீசி மாரி தொடங்கினால் தண்ணீர் மேலே நிற்கும். கச்சான் காற்றுக் காலத்தில் கீழே போகும். இத்தனை ஏற்ற இறக்கத்துக்குள்ளே கடல் வருடா வருடம் ஏறுகிற ஏற்றம் நெல்லுமணித் தடிப்புத்தான். அது ஒரு மாதத்தில் தெரியாது, ஒரு வருடத்திலும் தெரியாது. வருடக்கணக்காக ஒரே இடத்தில், ஒரே பலகையில் பார்த்துச் சேர்த்தால்தான் தெரியும். இதை அவளுக்குச் சொன்னவர் திருகோணமலையிலிருந்து வருகிற அளவை உத்தியோகத்தர் ஞானசேகரம். ஏன் ஏறுகிறது என்று றிப்தி ஒருமுறை கேட்டபோது அசனா அதைத் தன் பாணியில் விளங்கப்படுத்தினாள். "வெயில்ல வைக்கிற டீசல் கானை நீங்க வாய்மட்டும் நிரப்புவீங்களா? மாட்டீங்க. சூடேறினா பொங்கி வழியும். கடலும் அப்பிடித்தான், சூடேற ஏற இடம் கூடக் கேக்குது. அதோட எங்கேயோ மலை மலையா இருந்த ஐஸ் உருகி வருது. போதாததுக்குச் சில இடத்தில தரையும் தாழுது."

"அப்ப எங்கட வீட்டுக்கு எப்ப வரும்?"

"அதச் சொல்லத்தானே இந்த நாத்தத்தில போய் நிக்கிறன்."

போன ஆடியில், ஒரு வியாழக்கிழமை, ஞானசேகரத்தின் ஜீப் துறைக்கு வந்து நின்றது. அவர் முகம் சரியில்லை. முக்காலியில் மட்டம் பார்க்கும் கருவியைப் பூட்டினார். கரையோரப் பாறையில் பித்தளை ஆணி ஒன்று அடித்திருக்கிறது. கடல் ஏறினாலும் துறை தாழ்ந்தாலும் அந்த ஆணி அசையாது. பலகை சரியான உயரத்தில் நிற்கிறதா என்பதை அதிலிருந்துதான் பார்ப்பது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை ஆள் இல்லை, வாகனம் இல்லை, எண்ணெய் இல்லை என்று பல வருடம் பார்க்காமல் விட்டிருந்தார்கள். அன்று பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, பலகை பதினொரு சென்டிமீற்றர் மேல நிக்குது."

அசனாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பலகை மேலே போனால் தண்ணீர் சின்ன எண்ணில் நிற்கும். கடல் இறங்கின மாதிரிக் காட்டும். அதை அவள் வாய்விட்டே சொன்னாள்.

"அதுதான்," என்றார் அவர். "உங்கட கணக்கில கடல் குறைஞ்சுகொண்டு போகுது. மற்ற எல்லா இடத்திலயும் ஏறுது. கொழும்பில என்ன கதைக்கினம் தெரியுமோ? அந்தப் பெண் வீட்டில இருந்து எழுதி அனுப்புறா எண்டு."

அசனா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். இத்தனை வருடம் குடல் நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த எண்கள். அதை யாரோ குளிர்சாதன அறையில் இருந்து பொய் என்கிறான். துறையில் கிடந்த எந்த அழுகலும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பைத் தந்ததில்லை.

"இப்ப என்ன செய்யிறது ஐயா?"

"ஒரேயடியா ஏறினதோ, கொஞ்சம் கொஞ்சமா ஏறினதோ, எப்ப ஏறினதோ, அது தெரிஞ்சா எண்களைத் திருத்தலாம். தெரியாட்டி ஒன்பது வருசத்தையும் வெட்டச் சொல்லியிருக்கினம். நான் நாளைக்குப் பின்னேரம் திரும்பிப் போறன்."

அந்தப் பலகை மேலே தூணோடு கம்பியால் கட்டியிருக்கும். கீழே, தண்ணீருக்குள், ஓர் இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். தாங்கியைத் தூணில் போல்ட் அடித்து இறுக்கியிருக்கிறது. பலகை தானாக ஏறாது. யாரோ தாங்கியைக் கழற்றி மேலே பூட்டியிருக்க வேண்டும்.

ஸைனுலாப்தீனிடம் கேட்டார்கள். அவர் ஜீப்பில் இருந்த அரசாங்க இலச்சினையைப் பார்த்தார், ஞானசேகரத்தின் சப்பாத்தைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார்.

"நாங்க தொடவே இல்ல சேர். அரசாங்கச் சாமான். எங்கட பொடியன்கள் ஒருத்தனும் தொட மாட்டான்."

"அப்ப எப்படிக் காக்கா மேல போச்சு?"

"கடல் தூக்கியிருக்கும் மகள். கடலுக்கு ஏலாத வேலையா?"

பக்கத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று அசனா கண்டுகொண்டாள். தண்ணீரில் இறங்கித் தாங்கியைப் பார்த்துத் தாருங்கள் என்று ஞானசேகரம் கேட்டபோது, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குக் காலில் புண், இன்னொருவனுக்கு நீச்சலே தெரியாதாம். கடலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாதாம்! ஞானசேகரமோ முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர். படியிறங்கவே பக்கத்தில் ஆள் வேண்டும்.

அன்று இரவு அசனா நஸ்ரியாவின் வீட்டுக்குப் போனாள்.

"ராத்தா, நாளைக்கு ஜும்ஆ நேரம் என்னோட துறைக்கு வரணும். ஒரு பெரிய துணியும் ரெண்டு வாளி நல்ல தண்ணியும் கொண்டு வாங்க."

"எதுக்கு?"

"நான் தண்ணில இறங்கப் போறன்."

நஸ்ரியா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சஹன்ல கை வைக்காதவள், அந்தக் கக்கூசுத் தண்ணில காலை வைக்கப் போறியா?"

"வைக்காட்டி நான் பொய்க்காரி ராத்தா."

நஸ்ரியா எழுந்து போனாள். அலுமாரியில் இருந்த தடித்த படுக்கை விரிப்பை எடுத்து மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம்தான் இறங்குதுறையில் ஆண் வாடையே இராது. படகு எதுவும் கடலுக்குப் போகாது. குத்பாப் பிரசங்கம் தொடங்கினால் துறை முழுவதும் பள்ளிவாசலில் இருக்கும். அந்த வாரம் கடல் வற்றுகிற வேளையும் அந்த நேரத்தோடு சேர்ந்து வந்தது. தூணடியில் தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் நிற்காது என்பதை அவளைவிட யார் அறிவார்? ஞானசேகரம் ஜீப்புக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, "நான் பத்திரிகை வாசிக்கிறன், என்னைக் கூப்பிடும் வரைக்கும் திரும்ப மாட்டன்" என்றார். பத்திரிகை தலைகீழாக இருந்ததை நஸ்ரியா பார்த்தாள்.

அசனா வீட்டுச் சட்டையோடு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, குசினிக் கத்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள். கீழே தண்ணீர் கறுத்த தேத்தண்ணி மாதிரி இருந்தது. மேலே எண்ணெய். ஒரு மீன் தலை கண்ணைத் திறந்துகொண்டு மிதந்து வந்து அவள் காலில் முட்டி நின்றது.

"திரும்பி வா" என்றாள் நஸ்ரியா.

அசனா இறங்கினாள்.

முதலில் சேறு. கணுக்கால் வரை சூடாக, மெத்தென்று, யாரோ மென்று துப்பியதற்குள் கால் வைத்தது போல. அடுத்தது பாதத்தைச் சுற்றிய பொலித்தீன். பிறகு அந்த நாற்றம். மேலே நின்று மூக்கைப் பொத்தினால் பாதியாகத் தெரிவது, கீழே வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. அவள் ஓங்கரித்தாள். காலையில் குடித்த தேத்தண்ணி அப்படியே வெளியே வந்துவிட்டது. வாயைத் துடைக்கக் கையில்லை. கை முழுவதும் வழுவழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு தூணைத் தடவினாள். சிப்பி ஓடு ஓடாக மரத்தில் ஒட்டி வளர்ந்திருந்தது. தாங்கி இருந்த இடத்தைக் கையால் கண்டுபிடித்து, அதற்குக் கீழே கத்தியால் சுரண்டத் தொடங்கினாள்.

சிப்பி உடையும்போது விரலை வெட்டியது. உப்பும் எண்ணெயும் வெட்டில் எரிந்தன. இத்தனை வருடமாக இந்தத் தூணை ஒரு தடவையாவது தொட்டிருந்தால், தாங்கி நகர்ந்ததை அன்றே கண்டிருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. தூரத்தில் நின்று கழுத்தை நீட்டியவளுக்கு எண் மட்டும்தான் தெரிந்தது. எண்ணைத் தாங்கி நின்றது தெரியவில்லை. ஆத்திரத்தோடு சுரண்டினாள்.

விரல் ஒரு துளைக்குள் போனது. உருண்டையான, துரப்பணம் போட்ட துளை. அதற்குக் கீழே இரண்டு விரல் தள்ளி இன்னொன்று. அதற்கும் கீழே, பழையது, சேறு அடைத்துக் கிடந்தது, மூன்றாவது.

"ஐயா!" என்று கத்தினாள். "மூண்டு துளை இருக்கு! ஒரேயடியா இல்ல, மூண்டு தரம் ஏத்தியிருக்கிறாங்க!"

ஞானசேகரம் பத்திரிகையை எறிந்துவிட்டு வந்தார். முழங்காலை மறந்து பாதிப் படி இறங்கிவிட்டு, பிறகு நினைவு வந்து கைபிடியைப் பிடித்துக்கொண்டார். அளவுநாடாவை நஸ்ரியா கீழே நீட்டினாள். துளைக்குத் துளை அளந்து அசனா சொல்லச் சொல்ல அவர் கூட்டினார். தாங்கி இப்போது நிற்கிற இடம் வரை மொத்தம் பதினொரு சென்டிமீற்றர். மட்டக் கருவி சொன்னதும் அதுவே.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் திரும்பி வரும்போது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பால் போர்த்தி, தலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லை. வெள்ளை உடுப்பும் அத்தர் வாசனையுமாக வந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஸைனுலாப்தீன் தோள் சால்வையால் மூக்கை மூடினார்.

"மூக்கை மூடாதீங்க காக்கா" என்றாள் அசனா. "இது உங்கட கடல் மணம். சோறு மணம்."

யாரும் சிரிக்கவில்லை. ஞானசேகரம் துளைகளைச் சொன்னார். போலீசுக்குப் போக மாட்டேன் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ஸைனுலாப்தீனின் வாய் திறந்தது.

மாரிக்கு முன்னால் சங்கம் எல்லாரையும் சேர்த்துத் துறையில் சிரமதானம் செய்யும். அப்போது ஐஸ் பெட்டிகளை ஒரு கல் உயர்த்துவார்கள், தராசை உயர்த்துவார்கள், எண்ணெய்ப் பீப்பாய்களை உயர்த்துவார்கள். தண்ணீர் வருடா வருடம் மேலே வருகிறதல்லவா? துறையும் சேற்றில் தாழ்கிறதல்லவா? எல்லாவற்றையும் உயர்த்துகிறவர்களுக்கு, அந்த வெள்ளைப் பலகை மட்டும் நனைந்துகொண்டு நின்றது பொறுக்கவில்லை.

"கீழ் நம்பர் தண்ணிக்குள்ள போகுது, பெயிண்ட் உரியுது. பிள்ளைக்கு வாசிக்கக் கஷ்டம் எண்டு நினைச்சம். நனையக் கூடாதெண்டு ரெண்டு ரெண்டு விரலா உயர்த்தி விட்டனாங்க. நல்ல எண்ணத்தில செஞ்சது மகள்."

அசனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வைத்த பலகையை, கடல் ஏறுகிறது என்று உயர்த்தியிருக்கிறார்கள்!  

"எப்பெப்ப?" என்று கேட்டார் ஞானசேகரம்.

முதலாவது தடவை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கொரோனாவுக்கு முந்தின வருடச் சிரமதானம். அன்றைக்குத்தான் துறைக்குப் புது லைற் போட்டது. மூன்றாவது போன வருடம்; படம் பிடித்துத் தொலைபேசியில் வைத்திருந்தான் ஒருவன். அதில் பலகைக்கு மாலை கூடப் போட்டிருந்தார்கள். நடுவில் இருக்கிற தடவைதான் சிக்கல். எண்ணெய் வரிசை வருடம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மாதக்கணக்காகக் கரையில் கிடந்தன. வேலையில்லாத பொடியன்கள் துறையில் கண்டதையெல்லாம் கழற்றினார்கள், பூட்டினார்கள். சிரமதானம் என்று ஒன்று நடக்கவில்லை. துரப்பணம் பிடித்தவன் இப்போது கட்டாரில். வட்ஸப்பில் கூப்பிட்டார்கள். "அது வெயில் காலம்... இல்ல, மழை பெஞ்ச மாதிரியும் இருந்திச்சு" என்றான்.

ஸைனுலாப்தீன் அசனாவின் அருகே குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு எந்த மாசம் வசதி மகள்? அதையே சொல்றன். கையெழுத்தும் வைக்கிறன். பள்ளிவாசல்ல வேணுமெண்டாலும் சொல்றன்."

அவர் அதை உண்மையான பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது. நேற்றுக் கடல் தூக்கியது என்றவர், இன்றைக்கு மாதத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். சேறு கழுவினால் போகும். இந்தத் தேதியை எழுதினால், கொழும்பில் இருப்பவன் சொன்னது உண்மையாகிவிடும்.

"வேணாம் காக்கா" என்றாள். பிறகு ஞானசேகரத்தைப் பார்த்தாள். "அந்த ஒரு வருசத்தை முழுசா வெட்டுங்க ஐயா. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதைத் திருத்துங்க."

"ஒரு வருச உழைப்பு, தங்கச்சி."

"தெரியும். நான்தானே நிண்டனான்."

ஞானசேகரம் தலையாட்டினார். "எனக்கும் அதுதான் சரியாப்படுது." ஜீப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். துளைகளின் அளவைச் சேர்த்துத் திருத்தியபோது, இறங்கிக்கொண்டு போன கோடு திரும்பியது. ஒன்பது வருடத்தில் கடல் ஏறியது இரண்டு விரல் தடிப்பு.

"இவ்வளவுதானா?" என்றார் ஸைனுலாப்தீன் ஏமாற்றத்தோடு. "இதுக்கா பிள்ள அந்தத் தண்ணில இறங்கினீங்க?"

"இவ்வளவுதான் காக்கா. இறங்காது. ஏறிக்கொண்டே இருக்கும்."

முன்தினம் காய்ச்சல், புண், நீச்சல் தெரியாது என்றவர்கள் மூவரும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். தாங்கியைக் கழற்றி, ஆக அடியில் இருந்த பழைய துளையில் போல்ட்டைப் போட்டு இறுக்கினார்கள். ஞானசேகரம் கருவியில் பார்த்துக் கையை உயர்த்தினார். பலகையின் கீழ் எண்கள் ஒவ்வொன்றாக அந்தக் கறுத்த தண்ணீருக்குள் போய் மறைந்தன.

ஸைனுலாப்தீனுக்கு அது பொறுக்கவில்லை. "மாரிக்கு இன்னும் மூழ்குமே மகள். பெயிண்ட் எல்லாம் போயிடும்."

"போகட்டும். நான் வந்து அடிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு அசனா ஈர விரிப்போடு எழுந்தாள். ஒரு தரம் ஓங்கரித்துச் சமாளித்துக்கொண்டு, மறுபடியும் கடைசிப் படிவரை இறங்கினாள். குனிந்து, பலகையில் ஒட்டியிருந்த மீன் குடலை விரலால் வழித்து எறிந்துவிட்டு, தண்ணீர் நின்ற எண்ணைப் பார்த்தாள். நஸ்ரியா தொலைபேசியை நீட்டினாள். அன்றைய பின்னேர அளவை அசனா அங்கேயிருந்தே அனுப்பினாள்.